கொஞ்சம் காத்து வேணும்: எலக்ட்ரான் கற்றையும் வாயுக் குழாயும்

மக்களே, எலக்ட்ரானை வச்சு எந்த வேலை வாங்கணும்னாலும் முதல்ல செய்யுற காரியம், குழாய்க்குள்ள இருக்குற காத்தை உறிஞ்சி வெளியே தள்ளுறதுதான். பழைய டிவி பெட்டியோட பிக்சர் ட்யூப், தாத்தா காலத்து ரேடியோ வால்வு, ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ட்யூப், எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்னு எல்லாத்துலயும் இதே கதைதான். காத்து இருந்தா எலக்ட்ரான் அதுல முட்டி மோதி வழி தவறிடும். பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான் படிச்சோம்.

ஆனா கற்றையோட பலம் ஒரு அளவுக்கு மேல போச்சுன்னா இந்தப் பாடம் தலைகீழா மாறிடுது. ஆயிரக்கணக்கான ஆம்பியர் எலக்ட்ரான் கற்றையைச் சுத்தமான வெற்றிடக் குழாய்க்குள்ள அனுப்பினா அது போய்ச் சேராது. அதே குழாய்க்குள்ள கொஞ்சூண்டு காத்தை விட்டா ஜம்முனு போகும். இந்த விசித்திரத்தைக் கண்டுபிடிச்சது யாரு, அதை நம்பி என்னென்ன கனவு கண்டாங்க, அந்தக் கனவு எங்க உடைஞ்சது, இதெல்லாம்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க :-)

முதல்ல பிரச்சனை என்னன்னு பாப்போம்

எலக்ட்ரான் எல்லாமே எதிர்மின்சுமை. ஒண்ணை ஒண்ணு பிடிக்காது. ஒரு கற்றையில கோடானுகோடி எலக்ட்ரானை நெருக்கி அடைச்சா, ஒண்ணை ஒண்ணு விரட்டி கற்றை பக்கவாட்டுல விரிஞ்சிடும். இது மின்விசை.

இன்னொரு விசையும் இருக்கு. ஓடுற எலக்ட்ரான்னா அது மின்னோட்டம். மின்னோட்டம் இருந்தா சுத்தி காந்தப்புலம் இருக்கும். ஒரே திசையில ஓடுற ரெண்டு மின்னோட்டம் ஒண்ணை ஒண்ணு இழுக்கும். ஆக, மின்விசை விரிக்கப் பாக்குது, காந்தவிசை சுருக்கப் பாக்குது. வீட்டுல நடக்குற சண்டை மாதிரிதான் :-)

யாரு ஜெயிப்பாங்க? வெற்றிடத்துல எப்பவும் மின்விசைதான். ஆனா ஜெயிக்கிற வித்தியாசம் வேகத்தைப் பொறுத்தது. 10 லட்சம் வோல்ட்டுல முடுக்கின எலக்ட்ரான் ஒளியோட வேகத்துல 94 சதவீத வேகத்துல ஓடும். அந்த வேகத்துல விரிக்கிற விசை 100 பங்குன்னா சுருக்குற விசை சுமார் 89 பங்கு. மிச்சம் இருக்குற 11 பங்குதான் கற்றையைக் கெடுக்குது. 50 லட்சம் வோல்ட்டுக்குப் போனா அந்த மிச்சம் 1 பங்கைவிடக் குறைஞ்சிடும்.

இப்ப அந்தக் குழாயில கொஞ்சம் வாயு இருக்குன்னு வைங்க. ஓடுற எலக்ட்ரான் வாயு அணுவை இடிக்குது. அணுவுல இருந்து ஒரு எலக்ட்ரான் தெறிச்சு வெளியே வருது. அணு நேர்மின் அயனியா நிக்குது. தெறிச்ச எலக்ட்ரான் லேசானது, கற்றை அதைச் சுவர் பக்கம் விரட்டிடும். அயனி கனமானது, சட்டுனு நகராது. அதனால கற்றையோட நடுவுல நேர்மின்சுமை சேருது. அது கற்றையோட விரிக்கிற விசையைக் கழிச்சுடுது. நம்ம 10 லட்சம் வோல்ட் கற்றைக்கு, எலக்ட்ரான் எண்ணிக்கையில வெறும் 11 சதவீத அளவுக்கு அயனி சேர்ந்தா போதும், ரெண்டு விசையும் சமம். அதுக்கு மேல ஒரு சொட்டு சேர்ந்தாலும் காந்தவிசை ஜெயிச்சு, கற்றை தன்னைத்தானே இறுக்கிக்கிட்டு ஓடும்.

மொத்தக் கதையோட சாரமும் இதுதான். இனிமே வரலாறு.

1922: சின்னக் கண்ணாடிக் குழாய்

வாயுவை வச்சுக் கற்றையைக் குவிக்கலாம்னு நடைமுறையில காட்டினது அமெரிக்காவுல வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியில வேலை பார்த்த ஜே.பி. ஜான்சன். ஸ்வீடன்ல பிறந்தவர். மின்தடையில தானா எழும் இரைச்சலுக்கு 'ஜான்சன் இரைச்சல்'னு பேர் இருக்குல்ல, அதே ஜான்சன்தான். 1922-ல அவர் விவரிச்ச ஆசிலோஸ்கோப் குழாய் வெறும் 300, 400 வோல்ட்டுல ஓடுச்சு. அதுக்கு முந்தைய குழாய்களுக்கு ஆயிரக்கணக்குல வோல்ட் வேணும்.

இவ்வளவு குறைஞ்ச வோல்ட்டுல எலக்ட்ரான் மெதுவா போகும், கற்றை விரிஞ்சு திரையில புள்ளி மங்கிடும். அதுக்கு மருந்தா குழாய்க்குள்ள ரொம்பக் கொஞ்சம் ஆர்கான் வாயுவை விட்டாங்க. அயனிகள் நடுவுல தங்கி, கற்றையை நூல் மாதிரி இழுத்துப் பிடிச்சது. சில காலேஜ் இயற்பியல் லேப்ல எலக்ட்ரானோட மின்சுமைக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தை அளக்க ஒரு கண்ணாடி உருண்டை வச்சிருப்பாங்க. அதுக்குள்ள நூலாட்டம் ஒளிர்ற வட்டம் தெரியும். அதுவும் இதே வித்தைதான்.

ஆனா ஒரு குறை இருந்துச்சு. அயனி கனமானதுனால கற்றையை வேகமா அங்கயும் இங்கயும் ஆட்டினா கூடவே ஓடி வர முடியலை. டிவிக்கு வேண்டிய வேகத்துக்கெல்லாம் இது தாங்காது. 1930-கள்ல மின்புல லென்ஸ் வந்ததும் வாயுக் குழாய்க்கு டாட்டா காட்டிட்டாங்க. காத்து மறுபடி எதிரியாயிடுச்சு.

1934: பென்னட்டும் நசுங்கின குழாயும்

இங்க ஒரு சின்னக் கிளைக்கதை. ஆஸ்திரேலியாவோட நியூ சவுத் வேல்ஸ்ல, ஹார்ட்லி வேல்ங்கிற இடத்துல மண்ணெண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. அங்க இடிதாங்கியா இருந்த ஒரு செப்புக் குழாய் மேல மின்னல் இறங்குச்சு. அப்புறம் பார்த்தா குழாய் யாரோ கையால பிசைஞ்ச மாதிரி உள்பக்கமா நசுங்கிக் கிடந்துச்சு. சிட்னி பல்கலைக்கழகத்துல இருந்த பொல்லாக், பாராக்ளஃப் ரெண்டு பேரும் அதை ஆராய்ஞ்சு 1905-ல எழுதினாங்க. மின்னலோட மின்னோட்டம் உண்டாக்கின காந்தவிசையே குழாயை நசுக்கியிருக்குன்னு விளக்கம் சொன்னாங்க. மின்னோட்டம் தன்னைத்தானே இறுக்கும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

1934-ல வில்லார்ட் பென்னட்ங்கிற அமெரிக்கர் 'பிசிக்கல் ரிவ்யூ'வுல ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பைத் தமிழ்ல சொன்னா 'காந்தத்தால் தானே குவியும் ஓடைகள்'. நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் கலந்து ஓடுற ஒரு ஓடை, விரிக்கிற மின்விசை இல்லாததால, தன் காந்தப்புலத்தாலேயே இறுகி நிக்கலாம்னு கணக்குப் போட்டுக் காட்டினார். எவ்வளவு மின்னோட்டம் இருந்தா எவ்வளவு வெப்பத்தை அடக்கலாம்னு அவர் எழுதின சமன்பாடு இன்னிக்கும் 'பென்னட் இறுக்கம்'ங்கிற பேர்ல பிளாஸ்மா இயற்பியல் புத்தகங்கள்ல இருக்கு.

பேப்பர்ல எழுதியாச்சு. ஆனா அதைச் செஞ்சு பாக்குற அளவுக்கு எலக்ட்ரான் கற்றை அன்னிக்கு உலகத்துல எங்கயும் இல்லை.

1939: ஆல்ஃபென் போட்ட வேலி

அஞ்சு வருஷம் கழிச்சு ஸ்வீடன்ல ஹன்னஸ் ஆல்ஃபென் வேற எதையோ யோசிச்சுக்கிட்டிருந்தார். விண்மீன்களுக்கு நடுவுல காஸ்மிக் கதிர்கள் எப்படி ஓடுதுங்கிற கேள்வி அது. அப்ப ஒரு தடை கண்ணுல பட்டுச்சு. கற்றையோட மின்னோட்டம் ரொம்பப் பெருசானா, அதோட காந்தப்புலமே எலக்ட்ரானை வளைச்சு வந்த வழியே திருப்பிடும். தன் பலமே தனக்குத் தடை. நம்ம 10 லட்சம் வோல்ட் கற்றைக்கு இந்த எல்லை சுமார் 47,000 ஆம்பியர். வோல்ட் கூடக் கூட எல்லையும் கூடும்.

விண்வெளிக்காகப் போட்ட இந்தக் கணக்குதான் பின்னாடி பூமியில குழாய் வச்சு வேலை செஞ்சவங்களுக்கெல்லாம் வேலியாயிடுச்சு. ஆல்ஃபெனுக்கு 1970-ல நோபல் கிடைச்சது, பிளாஸ்மாவைப் பத்தின மற்ற வேலைகளுக்காக.

1958: லிஃப்ட் எஞ்சினியர் கண்ட கனவு

இப்ப நம்ம கதையோட சுவாரசியமான ஆள் வர்றார். நிக்கோலஸ் கிறிஸ்டோஃபிலோஸ். 1916-ல பாஸ்டன்ல பிறந்து, கிரீஸ்ல வளர்ந்து, ஏதென்ஸ்ல லிஃப்ட் மாட்டுற கம்பெனியில எஞ்சினியரா இருந்தவர். ஓய்வு நேரத்துல தானே இயற்பியல் படிச்சு, துகள் முடுக்கிகளுக்கான 'வலுக் குவிப்பு' முறையைக் கண்டுபிடிச்சு அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு எழுதி அனுப்பினார். அங்க யாரும் கண்டுக்கலை. 1952-ல புரூக்ஹேவன் விஞ்ஞானிகள் அதையே தனியா கண்டுபிடிச்சு வெளியிட்டாங்க. அப்புறம்தான் இந்த மனுஷன் முன்னாடியே பேடன்ட் கேட்டிருந்தது தெரிஞ்சு, முதல் உரிமை இவருக்குன்னு ஒத்துக்கிட்டாங்க.

அமெரிக்காவோட லிவர்மோர் ஆய்வுக்கூடத்துக்கு வந்த இவர், அணுக்கரு இணைவுக்காக 'ஆஸ்ட்ரான்'னு ஒரு இயந்திரம் கட்டினார். அதுக்குப் பலமான எலக்ட்ரான் கற்றை தேவைப்பட்டதால 'இண்டக்‌ஷன்' முடுக்கிங்கிற புது வகையையே உருவாக்கினார்.

1957-ல ஸ்புட்னிக் பறந்துச்சு. அமெரிக்காவுல பயம். தலைக்கு மேல வர்ற ஏவுகணையை எப்படி நிறுத்துறதுன்னு எல்லாரும் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. 1958-ல 'சீசா'ங்கிற ரகசியத் திட்டம் லிவர்மோர்ல ஆரம்பிச்சுது. மின்னல் மாதிரி ஒரு எலக்ட்ரான் கற்றையை வானத்துல பாய்ச்சி ஏவுகணையைச் சுடணும். கற்றை காத்தைச் சூடாக்கும், சூடான காத்து விரிஞ்சு அடர்த்தி குறையும், அந்தத் துளை வழியா அடுத்த கற்றை இன்னும் தூரம் போகும். அதாவது காத்துலயே துளை போட்டு, அந்தத் துளையையே குழாயாக்குறது. நினைச்சுப் பாருங்க, என்னா ஒரு கற்பனை!

கிறிஸ்டோஃபிலோஸ் 1972-ல இறந்தார். அதே வருஷம் சீசாவும் முடிஞ்சது. கனவு மட்டும் சாகலை.

1960-கள்: இயந்திரம் வந்தாச்சு

இதுக்கிடையில இங்கிலாந்துல ஆல்டர்மாஸ்டன் அணு ஆயுத ஆய்வுக்கூடத்துல ஜே.சி. மார்ட்டின்னு ஒருத்தர். சார்லி மார்ட்டின்னு செல்லமா கூப்பிடுவாங்க. வெடிக்கிற பொருளுக்குள்ள என்ன நடக்குதுன்னு படம் பிடிக்க, ஒரு நொடியில கோடியில ஒரு பங்கு நேரத்துக்கு மட்டும் பளிச்சுன்னு எரியுற எக்ஸ்ரே வேணும். அதுக்கு அவர் பழைய சரக்கு ரெண்டைச் சேர்த்தார். 1924-ல ஜெர்மனியில எர்வின் மார்க்ஸ் செஞ்ச, கெபாசிட்டர்களை வரிசையா இணைச்சு வோல்ட்டை ஏத்துற முறை ஒண்ணு. ஆலன் ப்ளும்லைன்ங்கிற ஆங்கிலேயர் பேர்ல இருக்குற, மின்சாரத்தைச் சேத்து வச்சு சட்டுனு விடுற மின்கடத்தி இன்னொண்ணு.

பலன் என்ன? 10 லட்சம் வோல்ட், 40,000 ஆம்பியர், 50 நானோ செகண்ட்ங்கிற மாதிரியான கற்றைகள் சாத்தியமாச்சு. பெருக்கிப் பாருங்க: 4,000 கோடி வாட். ஆனா நேரம் ரொம்பக் கம்மிங்கிறதால மொத்த ஆற்றல் வெறும் 2,000 ஜூல். 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி 2 செகண்ட்ல தின்னுற கரண்ட் அவ்வளவுதான் :-) அந்த 2 செகண்டை 50 நானோ செகண்ட்டுக்குள்ள திணிச்சதுதான் சாமர்த்தியம்.

இப்பதான் வெற்றிடம் காலை வாரிவிட்டுச்சு. இந்தக் கற்றையை மெல்லிய தகடு வழியா ஒரு வெற்றிடக் குழாய்க்குள்ள விட்டா, முன்னாடி போன எலக்ட்ரான் கூட்டம் பின்னாடி வர்றதை விரட்டும். கற்றையோட அகலம் குழாயில பாதின்னா, 10 லட்சம் வோல்ட்டுக்கு சுமார் 8,000 ஆம்பியர்தான் வெற்றிடத்துல போக முடியும். மிச்சம் வந்த வழியே திரும்பிடும். ஒத்தை வாசல் கல்யாண மண்டபத்துல ஒரே நேரத்துல ஊரே நுழையப் பார்த்தா என்ன ஆகும்? அதேதான்.

1966-ல அமெரிக்காவுல அயான் பிசிக்ஸ் கம்பெனியைச் சேர்ந்த கிரேபில், நாப்லோ ரெண்டு பேரும் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. தலைப்பைப் பாருங்க: 'காந்தத்தால் தானே குவியும் எலக்ட்ரான் ஓடைகளைக் கண்டது'. பென்னட் வச்ச தலைப்போட 'கண்டது' சேர்ந்திருக்கு. 32 வருஷம் கழிச்சு, பேப்பர்ல இருந்தது கண்ணுக்குத் தெரிஞ்சிடுச்சு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எத்தனை பேர் உழைச்சிருக்காங்க!

கலிஃபோர்னியாவுல பிசிக்ஸ் இன்டர்நேஷனல் கம்பெனியில ஜெரால்ட் யோனாஸும் அவரோட சகா ஸ்பென்ஸும் 1960-களோட கடைசியில வாயுக் குழாய்ல கற்றை எப்படி ஓடுதுன்னு விவரமா அளந்தாங்க. அப்படிப் பல இடத்துல நடந்த சோதனைகள்ல தெரிஞ்சதைச் சுருக்கமா சொல்றேன்.

எவ்வளவு காத்து?

காத்தோட அழுத்தத்தை 'டார்'ங்கிற அளவுல சொல்லுவாங்க. நம்மைச் சுத்தி இருக்குற காத்து 760 டார். வீட்டுல எரியுற ட்யூப்லைட்டுக்குள்ள இருக்குற வாயு ஒரு சில டார்தான்.

குழாய்ல 1 டார் காத்து இருந்தா, கற்றையில இருக்குற ஒவ்வொரு எலக்ட்ரானும் தோராயமா 1 நானோ செகண்ட்டுக்கு ஒரு அயனியை உண்டாக்கும். அப்ப 1 நானோ செகண்ட்ல மொத்த மின்சுமையும் ஈடாகிடும். 0.1 டார்னா 10 நானோ செகண்ட் ஆகும். 0.01 டார்னா 100 நானோ செகண்ட். அதுக்குள்ள கற்றையே முடிஞ்சு போயிடும்! அதனால அழுத்தம் ரொம்பக் குறைஞ்சா கற்றையோட முன்பாதி சிதறிப் போகும்.

0.1 டாருக்குக் கொஞ்சம் மேல போனா அயனி சீக்கிரம் சேருது, கற்றை நல்லா இறுகுது. இன்னும் ஏத்தி 1 டார் பக்கம் வந்தா வாயுவே நல்ல மின்கடத்தியா மாறிடுது. அப்ப இன்னொரு அதிசயம் நடக்குது. கற்றை உள்ளே பாயும்போது காந்தப்புலம் திடீர்னு ஏறுதில்ல, அதை எதிர்த்து பிளாஸ்மாவுல ஒரு மின்னோட்டம் எதிர்த்திசையில கிளம்புது. பள்ளியில படிச்ச லென்ஸ் விதிதான். போற மின்னோட்டத்தைத் திரும்பி வர்ற மின்னோட்டம் கழிச்சுடுது. 1970-ல ஹாம்மர், ரோஸ்டோக்கர் ரெண்டு பேரும் இதுக்கு முழுக் கணக்கும் போட்டாங்க. காந்தப்புலமே பெரும்பாலும் காணாமப் போறதால, ஆல்ஃபென் போட்ட வேலியையே தாண்டிப் போகலாம்! கற்றை விரியவும் இல்லை, ரொம்ப இறுகவும் இல்லை, நேரா போயிட்டே இருக்கும்.

சரி, இன்னும் காத்தை ஏத்தினா இன்னும் நல்லா போகுமா? அதுதான் இல்லை. பத்து டார், நூறு டார்னு ஏற ஏற எலக்ட்ரான் அணுக்கள்ல மோதிச் சிதறுது, கற்றை நெளிய ஆரம்பிக்குது. சாம்பாருக்கு உப்பு மாதிரி. இல்லாமலும் ஆகாது, அள்ளிப் போட்டாலும் ஆகாது.

குழாய் செஞ்ச உதவி

இந்த நெளியுற விஷயம்தான் கதையோட திருப்பம். தோட்டத்துக்குத் தண்ணி விடுற ரப்பர் ட்யூபைக் கையில பிடிக்காம தரையில போட்டுட்டு, தண்ணியை வேகமா திறந்து விடுங்க. பாம்பு மாதிரி துள்ளும். எலக்ட்ரான் கற்றையும் பிளாஸ்மாவுக்குள்ள அப்படித் துள்ளும்னு மார்ஷல் ரோசன்புளூத் 1960-லயே கணக்குப் போட்டுட்டார். கற்றை ஒரு பக்கம் லேசா நகர்ந்தா, அது உண்டாக்கின காந்தப்புலம் உடனே கூட வராம பின்தங்கிடுது. அந்தப் பின்தங்கல் கற்றையோட ஆட்டத்தை அதிகமாக்குது.

அப்ப குழாய்ல மட்டும் எப்படி ஒழுங்கா போச்சு? உலோகச் சுவர் பக்கத்துல இருந்ததாலதான். கற்றை சுவரை நெருங்கினா, சுவர்ல எதிர்த்திசை மின்னோட்டம் ஓடும். எதிரெதிர் மின்னோட்டம் ஒண்ணை ஒண்ணு தள்ளும். கற்றை மறுபடி நடுவுக்கு வந்துடும். தடுக்கி விழுற குழந்தையைச் சுவர் தாங்குற மாதிரி. அது போக, குழாயோட நீளம் சில மீட்டர்தான். துள்ளல் வளர்றதுக்குள்ள கற்றை போய்ச் சேர்ந்துடும்.

வானத்துல சுவர் ஏது? அங்க 1 டார் காத்தும் கிடையாது. தரைமட்டத்துல 760 டார். 10 லட்சம் வோல்ட் எலக்ட்ரான் நம்ம சாதாரணக் காத்துல 4 மீட்டர் போறதே பெரிசு. அதைப் பல மடங்கு ஏத்தினாலும், காத்துல 300 மீட்டர் தூரத்துக்குள்ள அதோட ஆற்றலை எக்ஸ்ரேயாவே பெரும்பாலும் கொட்டிடும். அதுக்கு மேல துளை போட்டுத்தான் போகணும், துளை போடுறவரைக்கும் துள்ளாம இருக்கணும்.

குழாய்க்குள்ள ஜெயிச்சதை வச்சு வானத்துல ஜெயிக்கலாம்னு நினைச்சதுலதான் அந்தக் கனவோட ஓட்டை இருக்கு. குழாயில பாதி வேலையைச் செஞ்சது கற்றை இல்லை, குழாய்.

1977: பயம் எப்படிப் பரவுச்சு

இது வெறும் இயற்பியல் சமாச்சாரம் இல்லைங்க. அமெரிக்க விமானப்படை உளவுத்துறைத் தலைவரா இருந்து ஓய்வு பெற்ற ஜெனரல் ஜார்ஜ் கீகன், சோவியத்காரங்க கஜகஸ்தான்ல செமிபலாடின்ஸ்க் பக்கம் துகள் கற்றை ஆயுதம் கட்டுறாங்கன்னு அடிச்சுச் சொன்னார். 1977 மே மாசம் 'ஏவியேஷன் வீக்' பத்திரிகை அதைப் பெருசா போட்டுச்சு. செயற்கைக்கோள் படத்துல பெரிய பெரிய கட்டடம் தெரியுதாம். அவங்க முந்திட்டா நம்ம ஏவுகணையெல்லாம் பழைய இரும்புன்னு ஒரே கூச்சல். இயற்பியல் படிச்சவரான பாதுகாப்பு அமைச்சர் ஹரால்ட் பிரவுன் அதை ஏத்துக்கலை. ஆனா பயத்துக்கு முன்னாடி கணக்கு எடுபடுமா?

1979-ல ஜான் பார்மென்டோலா, கோஸ்டா சிப்பிஸ் ரெண்டு பேரும் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்'ல பொறுமையா விளக்கி எழுதினாங்க. காத்துல கற்றை நிலைச்சு ஓடுறதுல என்ன சிக்கல், எவ்வளவு ஆற்றல் வேணும், எதிரி எப்படி எளிதா தப்பிக்கலாம்னு ஒவ்வொண்ணா வச்சாங்க. இதுல நம்பவே முடியாத மந்திரம் எதுவும் இல்லை. வாயுக் குழாய்ல பத்து வருஷம் அளந்தவங்களுக்குத் தெரிஞ்ச சங்கதிதான்.

சோவியத் யூனியன் 1991-ல கலைஞ்ச பிறகு, அந்தக் கட்டடம் என்னன்னு வெளியே வந்துச்சு. அணுசக்தியில ஓடுற ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கிற இடமாம்! கற்றையும் இல்லை, ஆயுதமும் இல்லை. அதுக்காக ரெண்டு பக்கமும் போன தூக்கத்தை யார் திருப்பிக் குடுப்பா?

பென்சீன் போட்ட பாதை

இவ்வளவுக்கும் நடுவுல நல்ல அறிவியலும் நடந்துச்சு. 1980-களோட தொடக்கத்துல லிவர்மோர்ல 'அட்வான்ஸ்டு டெஸ்ட் ஆக்ஸிலரேட்டர்' கட்டினாங்க. கிறிஸ்டோஃபிலோஸோட இண்டக்‌ஷன் முறையோட வாரிசு. 5 கோடி வோல்ட், 10,000 ஆம்பியர். ஆனா முடுக்கிக்குள்ளயே கற்றை ஆட ஆரம்பிச்சது. ஒவ்வொரு அறையைக் கடக்கும்போதும் அந்த அறை மணி மாதிரி ஒலிச்சு, பின்னாடி வர்ற எலக்ட்ரானை உதைச்சது. ஆட்டம் அறைக்கு அறை வளர்ந்துச்சு.

மருந்து மறுபடியும் வாயுதான். குழாய்க்குள்ள ரொம்ப ரொம்பக் கொஞ்சம் பென்சீன் ஆவியை விட்டு, நடுவுல ஒரு புற ஊதா லேசரை அடிச்சாங்க. லேசர் போன கோட்டுல பென்சீன் அயனியாகுது. பின்னாடியே கற்றை வருது. அங்க இருந்த லேசான எலக்ட்ரானை எல்லாம் வெளியே தள்ளிட்டு, அயனிக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டே ரயில் தண்டவாளத்துல போற மாதிரி போகுது. அயனியோட இழுவை நடுவுல ஒரு மாதிரி, ஓரத்துல ஒரு மாதிரி. அதனால ஒவ்வொரு எலக்ட்ரானும் வேற வேற தாளத்துல ஆடுது. எல்லாரும் ஒரே தாளத்துல மிதிச்சாத்தான் பாலம் ஆடும். தாளம் கலைஞ்சா ஆட்டம் அடங்கிடும். 1985, 1986-ல இந்த முடிவுகள் 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்'ல வந்துச்சு.

1922-ல ஜான்சன் ஆர்கானை வச்சு 300 வோல்ட்டுல செஞ்ச அதே வித்தைதான் இது. வோல்ட் மட்டும் ஒரு லட்சம் மடங்குக்கும் மேல.

கடைசியில என்ன மிஞ்சுச்சு?

ஏவுகணையைச் சுடுற மின்னல் வரலை. வந்தது வேற. 1988-ல சாண்டியா ஆய்வுக்கூடத்துல ஓட ஆரம்பிச்ச ஹெர்மிஸ்-3 மாதிரி இயந்திரங்கள், சுமார் 2 கோடி வோல்ட், 7 லட்சம் ஆம்பியர் கற்றையைத் தகட்டுல மோதவிட்டு காமா கதிர் உண்டாக்குது. மின்னணுக் கருவிகள் கதிர்வீச்சைத் தாங்குமான்னு சோதிக்க அது பயன்படுது. லாஸ் அலமாஸ்ல எக்ஸ்ரே படம் பிடிக்கிற நீண்ட துடிப்பு முடுக்கிகள்ல கதை மறுபடி தலைகீழ். அங்க குழாய்ல மிச்சம் மீதி இருக்குற வாயு அயனியாகி கற்றையை ஆட்டிடும்ங்கிறதால, காத்தை நல்லா உறிஞ்சி எடுக்குறாங்க. துடிப்போட நீளம் மாறினா நண்பன் எதிரியாயிடுறான்!

நம்ம ஊருக்கும் இந்தக் கதையில ஒரு கிளை உண்டு. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்துல 'காளி'ங்கிற பேர்ல இயந்திர வரிசை ஒண்ணு இருக்கு. 'கிலோ ஆம்பியர் லீனியர் இன்ஜெக்டர்'ங்கிறதோட சுருக்கம்தான் பேரு. காளி-5000 சுமார் 10 லட்சம் வோல்ட், பல்லாயிரம் ஆம்பியர் கற்றையை நானோ செகண்ட் கணக்குல விடுற வகை. பளிச் எக்ஸ்ரேக்கும், பலமான மைக்ரோவேவுக்கும் ஆனது. ஆனா எதிரி ஏவுகணையை வானத்துலயே பொசுக்கிடும் ரகசிய ஆயுதம்னு இதைப் பத்தி இணையத்துல சுத்துற கதைகளைப் பார்த்திருப்பீங்க. அடுத்த தடவை அப்படி ஒண்ணு உங்க மெயிலுக்கு வந்தா, அனுப்பினவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "10 லட்சம் வோல்ட் எலக்ட்ரான் காத்துல எத்தனை மீட்டர் போகும்?" நாலுங்கிற பதில் உங்ககிட்ட தயாரா இருக்கு.

1977-ல அங்க பலருக்குத் தெரியாத அந்த ஒத்தை எண், நமக்கு இன்னிக்கு ஒரு பதிவு படிக்கிற நேரத்துல கிடைச்சிடுது.

பின்குறிப்பு: பிளாஸ்மா, முடுக்கி பக்கம் வேலை பாக்குற பதிவர்கள் யாராச்சும் இருந்தா, அழுத்த எல்லைகளைப் பத்தி பின்னூட்டத்துல விவரமா எழுதுங்க. வாயுவோட வகை மாறினா (ஹைட்ரஜன், நியான், ஆர்கான்) கணக்கு எப்படி மாறும்ங்கிறதுக்கே ஒரு தனிப் பதிவு போடலாம். ஆட்டோ எல்லாம் அனுப்பாதீங்கப்பா :-)